விரிசல் விழாத உருண்டை

தக்காளி சாஸ் கொதிக்கும் சட்டியின் ஓரத்தில் இரண்டு கறி உருண்டைகள் அருகருகே வெந்துகொண்டிருந்தன. இரண்டின் வயிற்றிலும் ஒரு சீஸ் துண்டு இருந்தது. உருண்டைகளின் தர்மசாத்திரத்தில் ஒரே சூத்திரம்தான்: உள்ளே இருப்பது வெளியே தெரியலாகாது.

சின்ன உருண்டையின் விலாவில் விரிசல் விட்டது.

"அண்ணே, கொஞ்சம் ஒட்டி நில்லுங்க. கசியுறதைப் பார்த்தா என்னை எடுத்துப் பூனைக்குப் போட்டுடுவாங்க."

"பிடிக்கும்போதே ஒழுங்கா உருண்டிருக்கணும், தம்பி. என் மேல ஒரு கீறல் காட்டு பார்ப்போம்" என்ற பெரியது, புரண்டு விலகிக்கொண்டது.

விரிசல் வெளியே தெரிந்தது. சமைப்பவள் கரண்டியோடு குனிந்து பார்த்தாள்.

"இதுல சீஸ் உருகிடுச்சு. விரிசல் விடாததுல உருகிச்சான்னுதான் தெரியல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கரண்டி திரும்பியது.

"என்கிட்ட ஏன் வருது?" என்றது பெரியது.

"உங்க மேல ஒரு கீறல்கூட இல்லையே, அண்ணே."

கரண்டியின் விளிம்பு பெரியதை நடுவில் பிளந்தது. அவள் ஊதி ஊதி ஒரு பாதியைத் தின்றாள். நன்றாக உருகியிருந்ததால் மறுபாதியையும் தின்றாள்.

பிறகு சட்டியை மூடினாள். ஒட்டி நிற்க ஆளில்லாத சின்னது, சாப்பாட்டு வேளை வரும்வரை இருட்டில் கசிந்துகொண்டிருந்தது.