கூப்பன் வெட்டாத பிரதி

"கூப்பன் வெட்டாத பிரதி கெடைச்சிருச்சு சார்!"

பழைய புத்தகக் கடைக்காரர் அந்த காமிக்ஸைப் பெருமையாக நீட்டினார். கடைசித் தாளில் எக்ஸ்ரே கண்ணாடி விளம்பரமும் அதன் கூப்பனும் முழுசாக இருந்தன.

இதற்காக நாலு வருஷம் நடையாய் நடந்த வழுக்கைத்தலைக்காரர், பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக் கூப்பனை வெட்டினார்.

கடைக்காரர் தலையில் கைவைத்தார். "ஐயோ சார்! அந்தக் கம்பெனியே இப்ப இல்லையே. யாருக்கு அனுப்பப் போறீங்க?"

"அதெல்லாம் எட்டு வயசுலயே அனுப்பியாச்சுங்க."

அதே காமிக்ஸின் இன்னொரு நைந்த பிரதியை அவர் வெளியே எடுத்தார். கூப்பன் இருந்த இடத்தில் ஓட்டை. துண்டை அதில் பொருத்தி ஒட்டிவிட்டு, தாளைத் திருப்பினார். பின்பக்கத்தில், கலங்கரை விளக்கத்திலிருந்து விழுந்த குடைவீரன் கதையின் கடைசிப் படம் இப்போது முழுசாக இருந்தது.

"அதுக்கு இந்த முழுப் பிரதியையே வெச்சுக்கலாமே சார்?"

"நான் கெடுத்தது அக்காவோட புத்தகத்தைத்தானே?"

வாசலில் காத்திருந்த அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் படத்தைப் பார்த்தாள்.

"அடப்பாவி, குடையை விரிச்சுட்டானாடா? அம்பது வருஷமா செத்துட்டான்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்!"