பூஞ்சை ஒண்ணா, ரெண்டா?

“பூஞ்சை ஒண்ணா, ரெண்டா?” என்று கேட்டார் மிஸ் வெர்லீன்.

அல்சீடுக்குச் சுருக்கென்றது. “பூஞ்சையில என்னங்க ஒண்ணு, ரெண்டு? தலையை எண்ண அது என்ன ஆட்டுக்குட்டியா? சுவர் பூரா கறுப்பா அப்பிக் கிடக்கு. முப்பது சதுர அடி. பாரத்துல எழுதியிருக்கேனே.”

“பார்த்தேன் கண்ணு. போய் இன்னொரு தடவை அளந்துட்டு வா.”

விண்ணப்பம் கண்ணாடித் தடுப்பின் இடுக்கு வழியாகத் திரும்பி வந்தது. நகராட்சி அனுமதி அலுவலகத்துக்கு வருகிற எல்லோரும் அந்தம்மாளுக்குக் ‘கண்ணு’தான். கண்ணு என்று சொல்லிக்கொண்டே விரலை விட்டு ஆட்டுகிறாரே என்று கொதித்தபடி வெளியே வந்தான் அல்சீட்.

அவன் அவசரம் அவனுக்கு. போன மாத மழையில் பாயு ஓடை கரை உடைத்து, அவனுடைய சாப்பாட்டுக் கடைக்குள் முழங்கால் வரை தண்ணீர். அது வடிந்த கையோடு சமையலறைச் சுவரில் பூஞ்சை ஏறிவிட்டது. அதை அகற்றினால்தான் கடையைத் திறக்கலாம். அகற்ற அனுமதி வேண்டும்.

அடுத்த வாரமோ புனித வெள்ளி. அன்றைக்கு அந்த ஊரில் யாரும் இறைச்சி தொட மாட்டார்கள். அண்டாவில் காரமாக வேகவைத்த கிராஃபிஷ் என்ற ஆற்று இறால் எங்கே கிடைக்கும் என்று குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிடுவார்கள். அன்றைக்குக் கடை பூட்டிக் கிடந்தால் எல்லோரும் எதிர்க் கடைக்குப் போவார்கள். போனவர்கள் திரும்பி வருவார்களா என்பது சந்தேகம்தான்.

மறுநாளும் போய் நின்றான்.

“அளந்துட்டேன். அதே முப்பதுதான். கதவுக்கு இந்தப் பக்கம் பதினாலு, அந்தப் பக்கம் பதினாறு.”

மிஸ் வெர்லீனின் முகம் மலர்ந்தது. “அடடே, நடுவுல கதவு இருக்கா!”

“சமையக்கட்டுன்னா கதவு இருக்காதா?”

“கதவுல பூஞ்சை கீஞ்சை இல்லையே?”

“இரும்புக் கதவுங்க. பளிச்சுன்னு இருக்கு. நான் கதவைப் பத்திப் பேச வரல.”

“நீ பேச மாட்டேங்கறேன்னுதான் நான் பேசறேன் கண்ணு. எவ்வளவு அகலம்?”

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அல்சீடின் காது சிவந்தது.

“அனுமதி கிடைக்குமா, கிடைக்காதா? அதைச் சொல்லுங்க.”

“கேட்டா கிடைக்கும். ஒருத்தர் வந்து அளக்கணும், வேற ஒருத்தர் வந்து அகற்றணும், அப்புறம் இன்னொருத்தர் வந்து பார்க்கணும். மூணு வாரம் ஆகும். நீ கதவை அளந்துட்டு வாயேன்.”

இந்தத் தடவை விண்ணப்பத்தைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் விரலால் இரண்டு தட்டுத் தட்டி நீட்டினார். ஒழுங்காக நீட்டக்கூட மனசில்லை பார் என்று நினைத்தான் அல்சீட்.

வாசலில் புகார்ப் பெட்டி இருந்தது. நின்ற நிலையிலேயே எழுதினான்: ‘இரண்டாம் ஜன்னலில் இருக்கும் அம்மாள் யாருக்கும் ஒரு வார்த்தைகூட உதவி செய்வதில்லை. கேட்டதற்குப் பதில் கிடையாது. எதிர்க் கேள்விதான் கேட்கிறார்.’ கடைசி வரிக்குக் கீழே கோடு வேறு போட்டான்.

வீட்டுக்கு வந்து விண்ணப்பத்தை மேஜைமேல் விட்டெறிந்து, நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தான். மனைவி யூலா கேட்டுக்கொண்டே அதை எடுத்துப் பின்பக்கத்தைப் படித்தாள். எறும்பு எறும்பாக எழுத்து.

“அல்சீட், கதவு மேல பூஞ்சை இல்லதானே?”

“நீயுமா?”

“கேளேன். ‘இருபத்தஞ்சு சதுர அடிக்கு மேல தொடர்ச்சியாப் பரவியிருந்தா மட்டும் அனுமதி தேவை’ன்னு போட்டிருக்கு. உன்னோடது நடுவுல கதவு வந்து ரெண்டாப் பிரிஞ்சு போச்சு. பதினாலு ஒண்ணு, பதினாறு ஒண்ணு. ரெண்டுக்குமே அனுமதி வேண்டாம். நாமளே சுரண்டிக்கலாம்! கூட்டிக் கூட்டி முப்பதாக்கினது நீதான்.”

அல்சீட் வாயைப் பிளந்தான். “இதை அந்தம்மா நேரா சொல்லியிருக்கலாமில்ல?”

“எப்படிச் சொல்லுவாங்க? ஊழியர்கள் யாருக்கும் யோசனை சொல்லக் கூடாதுன்னு அந்தக் கண்ணாடியிலயே ஒட்டியிருக்கே. மனசு கேக்காம ரெண்டு பேருக்குச் சொல்லிக் குடுத்து, ரெண்டு எச்சரிக்கை வாங்கிட்டாங்க. சர்ச் முழுக்கத் தெரியும். மூணாவது தடவை மாட்டினா வேலை போயிடும்.”

அல்சீடுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. புகார்ப் பெட்டியில் போட்ட காகிதம் ஞாபகம் வந்தது.

புருஷனும் பெண்டாட்டியும் முகமூடி போட்டுக்கொண்டு, சுவரில் ஊறிப்போன பலகைகளை அறுத்தெடுத்து, மீதியைச் சுரண்டி, இரவு பகலாக விசிறி வைத்து உலர்த்தினார்கள். சுகாதாரக்காரர் வந்து பார்த்துத் தலையாட்டினார். புனித வெள்ளியன்று கடையில் நிற்க இடமில்லை. கூட்டத்தைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு அந்தம்மாள் ஞாபகம்தான் குத்தியது.

திங்கட்கிழமை அலுவலகம் திறந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றான்.

“மிஸ் வெர்லீன், என்னை மன்னிச்சிடுங்க. நீங்க எனக்கு நல்லது பண்ணப் பார்த்தீங்க. நான் புத்தி கெட்டுப்போய் உங்க மேல புகார் எழுதிப் போட்டுட்டேன். இப்பவே உள்ள போய் வாபஸ் வாங்கிடறேன்.”

மிஸ் வெர்லீன் பதறி எழுந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கண்ணாடி இடுக்கில் வாயை வைத்தார்.

“வாபஸ் கீபஸ் வாங்கினே, தொலைச்சிடுவேன் கண்ணு! நான் மறுபடியும் யாருக்கோ உதவி பண்ணிட்டேன்னு போன வாரம் விசாரணை வெச்சாங்க. ‘இந்தம்மா யாருக்கும் ஒரு வார்த்தைகூட உதவி செய்யறதில்லை’ன்னு எழுத்துல சாட்சி சொல்லி என் வேலையைக் காப்பாத்தினது நீ ஒருத்தன்தான்!”