மாஸ்ரர் நிப்பாட்டின பெடியள்

“எங்கட பிள்ளையள் முன்னுக்கு வாறதைப் பொறுக்கேலாத ஒரு ஆள் எங்களுக்குள்ளையே இருக்குது. ஆளும் தமிழ்தான். ஆனால் கழுத்தறுக்கிறது எங்கட பெடியளை.”

கணேசலிங்கம் ஆளின் பேரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து, ஹரோ மண்டபத்தில் கூடியிருந்த பெற்றோர் அத்தனை பேரும் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார்கள். அங்கே பாலேந்திரா மாஸ்ரர் குனிந்த தலையோடு இருந்தார்.

மாஸ்ரர் ஊரில் பள்ளிக்கூடப் பெடியளுக்கு எல்லே பழக்கியவர். தடியால் பந்தை அடித்துவிட்டு ஓடுகிற விளையாட்டு. லண்டனில் பெற்றோல் அடித்துக்கொண்டு நின்றவருக்கு, பக்கத்துக் கல்லூரியில் பேஸ்போல் பழக்க ஆளில்லை என்று தெரியவந்தது. இதுவும் எல்லேதான், கையுறை மட்டும் கூட என்று போய் நின்றார். தொண்ணூறாம் ஆண்டு கல்லூரிக்கு வெற்றிக் கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். அப்படியும் வருடா வருடம் புதுப்பிக்கிற வேலைதான். இந்தக் கோடையோடு நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று கதை அடிபட்டது.

அந்த நிரந்தரத்தில் மண் போடத்தான் இந்தக் கூட்டம்.

குற்றம் இதுதான். குளிர்காலம் முழுக்கத் தமிழ்ப் பெடியளையும் சேர்த்துப் பழக்குவார். சித்திரையில் ஆட்டம் தொடங்கியதும், “உனக்குக் கை காணாது தம்பி” என்று ஒவ்வொருத்தராகக் கழித்துவிடுவார். வெள்ளைப் பெடியள் விளையாடுவார்கள், குஜராத்திப் பெடியள் விளையாடுவார்கள். எங்கட ஒன்றுகூட மிஞ்சாது.

கணேசலிங்கத்தின் மகனும் போன வருடம் அப்படித்தான் கழிபட்டான். கையுறையைக் குப்பையில் எறிந்துவிட்டு வந்தவன், அதற்குப் பிறகு எதற்குக் கூப்பிட்டாலும் எனக்கு ஏலாது என்கிறான். சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவத் தொடங்கி, கிங்ஸ்பரியில் சொந்தக் கடை போட்ட மனிசனுக்கு இதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?

கல்லூரிக்கு முறைப்பாடு எழுதியாயிற்று. கையெழுத்து வைப்பதுதான் மிச்சம். அது கல்லூரிக்குப் போனால் மாஸ்ரரின் வேலையும் போகும்.

ஏன் கழித்தீர்கள் என்று கணேசலிங்கம் சபையில் வைத்தே கேட்டார். தனக்குச் சரியென்று பட்டதைச் செய்ததாக மாஸ்ரர் சொன்னார்.

“அப்ப ஒண்டு செய்யுங்கோ. நீங்களாகவே வேலையை விடுங்கோ. நாங்கள் முறைப்பாட்டைக் கிழிக்கிறம்.”

“சரி. திங்கட்கிழமை விடுறன்.”

கணேசலிங்கத்துக்குச் சுருக்கென்றது. பேரம் பேசியே தலை நரைத்த ஆள் அவர். முதல் விலைக்கே தலையாட்டுகிறவன் ஒன்றில் மடையன், இல்லாவிட்டால் எதையோ மூடி மறைக்கிறான். மாஸ்ரர் மடையன் இல்லை.

“என்ன மாஸ்ரர், ஒரு சொல் எதிர்த்துக் கதைக்க மாட்டீங்களோ? உங்கட சோத்திலையல்லோ கை வைக்கிறம்.”

“விடுங்கோ அண்ணை. வாக்குக் குடுத்திட்டன்.”

“ஆருக்கு?”

மாஸ்ரர் கோட்டை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

“எனக்கு,” என்றாள், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்ற சந்திரவதனா. கணேசலிங்கத்தின் மனைவி.

அவள் ஒளிக்காமல் சொன்னாள். ஏ லெவல் சோதினை நெருங்க, மாஸ்ரர் வீட்டுக்குப் போய் மகனை நிப்பாட்டச் சொல்லிக் கேட்டது அவள்தானாம். தாய் தகப்பன் மறித்தால் பெடியன் முகம் குடுக்க மாட்டான், நீங்களாகச் சொன்னதாக இருக்கட்டும் என்றாளாம். என்னிடம் இருக்கிற திறமான கை அவன்தான் என்று மாஸ்ரர் மன்றாடினாராம். இவள் அழுதே சம்மதிக்க வைத்தாளாம்.

“நீங்கள் டொக்டர், டொக்டர் எண்டு ஒற்றைக்காலிலை நிண்டீங்கள். விளையாட்டை விடச் சொல்லி அவனுக்குச் சொல்லவும் உங்களுக்குத் தைரியம் இல்லை. நான் வேற என்ன செய்ய?”

கணேசலிங்கத்துக்குக் காது சுட்டது. கட்டின மனிசி இப்படிச் செய்திருக்கிறாளே என்று இனி சனம் வாய்க்குள் வைத்துச் சப்பப் போகிறது. மெல்லத் தலையை நிமிர்த்திச் சபையைப் பார்த்தார்.

ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. கணக்காளர் வைத்தியநாதன் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெண்சாதி சிவமலர் கைப்பைக்குள் எதையோ துழாவினாள். முன்வரிசைத் தகப்பன்மார் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்துவிட்டது.

அந்த மண்டபத்தில் திடுக்கிட்டது கணேசலிங்கம் ஒருத்தர்தான்.

அவர் போய் வாசல் கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார். மாஸ்ரரை இருக்கச் சொன்னார். முறைப்பாட்டுக் கடதாசியின் மறுபக்கத்தைத் திருப்பி, பேனையோடு சேர்த்து வைத்தியநாதனிடம் நீட்டினார்.

“பின்வாசலாலை போய்க் கெஞ்சினவை எல்லாரும் வாங்கோ. முதல் கையெழுத்து எங்கட வீட்டுது. இந்த மனிசன் ஒருத்தனையும் கழிக்கேல்லை, கழிச்சது நாங்கள்தான் எண்டு கல்லூரிக்கு எழுதுங்கோ. எழுதிப்போட்டு, வீட்டை போய் அதை உங்கட பெடியளுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ.”