உள்ளங்கை அகல ஃபேன்

தகரக் கூரை போட்ட அந்தத் தையல்கூடத்தில் பதினொரு பெண்கள் மூன்று கோடையாக ஒரு ஃபேன் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நூல் பறக்கும், துணி பறக்கும் என்று மேலாளர் சென்னியப்பன் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார். எம்பிராய்டரி டிசைன் போடும் சின்னக் கம்ப்யூட்டர் ஒரு மதியம் சூடு தாங்காமல் தானாக அணைந்துபோனது. மறுநாள் காலையிலேயே அதற்கு உள்ளங்கை அகலத்தில் இரண்டு ஃபேன்கள் வந்துவிட்டன. அதில் வேலை செய்யும் துளசிமணிதான் அவற்றைப் பெட்டியின் இரண்டு பக்கமும் மாட்டினாள். நூல்துண்டு ஒன்றைப் பிடித்துப் பார்த்தாள். இடப்பக்கம் நூல் உள்ளே இழுபட்டது. வலப்பக்கம் வெளியே பறந்தது. பெட்டிக்கு மூச்சு சீராகிவிட்டது. அது விட்ட அனல் நேராக அவள் முகத்தில் அடித்தது.

“அப்ப எங்களுக்குங்க?” என்றாள்.

“அதுக்குச் சூடு தாங்காது அம்மிணி, ஆஃப் ஆயிரும். உங்களுக்கெல்லாம் பழகிப்போச்சில்ல?” என்றார் சென்னியப்பன்.

துளசிமணி அவரையே பார்த்தாள். பிறகு மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கண்களை மூடினாள்.

“என்ன அம்மிணி, என்னாச்சு?”

“ஆஃப் ஆயிட்டேனுங்க.”

பின்னால் ஒரு தையல் மிஷின் நின்றது. யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அடுத்ததும் நின்றது, அதற்கடுத்ததும். சென்னியப்பன் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கத்தினார். ஒருத்தியும் கண்ணைத் திறக்கவில்லை. பத்தாவது மிஷினும் ஓய்ந்தபோதுதான் அந்தச் சின்ன ஃபேன்கள் சுற்றும் சத்தம் கூடத்தில் முதன்முதலாகக் கேட்டது.