வேப்பெண்ணெய் பூசிய மெத்தை

செவலை என்ற நாய் தன் மெத்தையைக் கடித்துக் கிழித்துக்கொண்டே இருந்தது. அதை நிறுத்துவதற்காக வீட்டுக்காரர் மெத்தை முழுக்க வேப்பெண்ணெயைத் தடவினார். நாயைச் சங்கிலியில் கட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

மெத்தைக்குப் பொறுக்கவில்லை. “கடிக்கிறது நீ, கசப்பு எனக்கா? இது எந்த ஊரு நியாயம்? பஞ்சு பஞ்சா பிச்சுப் போட்டுட்டு அப்புறம் என் மேலேயே சுருண்டு படுக்கிறியே, வெட்கமா இல்ல?”

“நாள் முழுக்கக் கட்டிப் போட்டா எனக்குக் கோபம் வராதா?” என்றது செவலை.

“உன்னைக் கட்டிப் போட்டிருக்கிறது சங்கிலி. அதைக் கடிக்க வேண்டியதுதானே!”

“கடிச்சுப் பார்த்தேன். பல்லு ஆடிப்போச்சு.”

சாயங்காலம் வீட்டுக்காரர் தன் மேலதிகாரியிடம் போனில் பேசிக்கொண்டே உள்ளே வந்தார். “தப்புதான் சார், இனிமே நடக்காது சார்” என்று குழைந்தார். போனை வைத்ததும் செவலையைப் பார்த்து, “சனியனே, வாலை ஆட்டிக்கிட்டு முன்னாடி வந்து நிக்காதே!” என்று சீறிவிட்டு உள்ளே போனார்.

செவலையின் வால் தொங்கிப்போனது. அது மெல்லத் திரும்பி, வேப்பெண்ணெய்க் கசப்பையும் பார்க்காமல் மெத்தையின் மூலையைக் கவ்வியது.

“அடப்பாவிகளா!” என்று அலறியது மெத்தை. “அவரோட சங்கிலிக்கும் நான்தான் கிழியணுமா?”