காலைக் காட்டு

தம்பி பட்டறைக்குள் வந்தபோது வா என்று யாரும் கூப்பிடவில்லை. வந்த காரியத்தை அவனும் சொல்லவில்லை. நேராகப் போய் அண்ணன் முன்னால் தரையில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்தான்.

சோபா உறை தைத்துக்கொண்டிருந்த அண்ணி மெஷினை நிறுத்தினாள்.

இந்த ஜென்மத்தில் பார்ப்போமா என்று அவள் ஏங்கிய காட்சி. மாமனார் நடத்திய சோபா பட்டறை பெரியவருக்கு மட்டும் போனதிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சே கிடையாது. எதிரே வந்தால்கூட ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கடைசியில் சின்னவன்தான் இறங்கி வந்திருக்கிறான், மன்னிப்புக் கேட்க.

அண்ணனோ நெருப்பை மிதித்தவர்போல் காலை இழுத்து ஸ்டூலுக்கு அடியில் மடக்கிக்கொண்டார்.

"விடுங்க, சின்னவன்தானே," என்றாள் அண்ணி.

"நான் மன்னிப்புக் கேக்க வரலை அண்ணி. அண்ணனோட உள்ளங்காலைப் பாக்கணும். ஷூவைக் கழட்டச் சொல்லுங்க."

அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. குடித்துவிட்டு வந்திருக்கிறானா? வாடை எதுவும் இல்லை.

வேலை கிடக்கிறது, அவனைப் போகச் சொல் என்று அண்ணன் மனைவியைப் பார்த்துச் சொன்னார். தம்பி நகரவில்லை. ஒரு தரம் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன் என்று ஷூ நாடாவை அவிழ்க்கக் கையை நீட்டினான். அண்ணன் தட்டிவிட்ட வேகத்தில் ஆணிப் பெட்டி கவிழ்ந்து சிதறியது.

காலைக் காட்டுவதற்கு இவருக்கு என்ன வந்தது? அதுவும் அவளுக்குப் புரியவில்லை.

ஆணி பொறுக்கக் குனிந்தபோதுதான் பார்த்தாள். தம்பியின் வலது காலில் கணுக்கால்வரை கட்டு. வாசலில் ஒரு ஊன்றுகோல் சாத்தியிருந்தது.

"என்ன தம்பி இது?"

அவன் சொன்னான். அவனுக்கு சர்வேயர் வேலை, நாள் முழுக்க நடை. குதிகாலில் ஒரு கறுப்புப் புள்ளி வந்திருக்கிறது. எப்போதோ முள் குத்தின தழும்பு என்று விட்டுவிட்டான். அது மெல்லப் பெரிதாகி, ஓரம் கலைந்து, ஒரு நாள் ரத்தம் கசிந்தது. போய்க் காட்டினால் தோலில் வரும் புற்றுநோய் என்கிறார்கள். அதெல்லாம் வெள்ளைக்காரனுக்குத்தானே வரும் என்று டாக்டரிடம் சண்டையே போட்டானாம். நம்ம நிறத்துக்காரர்களுக்கு அது பெரும்பாலும் உள்ளங்காலிலும் நகத்துக்கு அடியிலும்தான் ஒளிந்து உட்கார்ந்திருக்கும் என்றாராம் அவர்.

"வெயிலுக்குப் பயந்து தலைக்குத் தொப்பி போட்டேன். உள்ளங்காலை யாரு திருப்பிப் பாக்குறா அண்ணி?"

குதிகாலில் பாதியை வெட்டி எடுத்து, தொடைத் தோலை ஒட்டியிருந்தார்கள். அதற்குள் நோய் பரவி, தொடை இடுக்கில் நெறி கட்டிவிட்டது. சிகிச்சை இன்னும் பாக்கி. கடைசியில் என்ன ஆகும் என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை.

"போன வருஷமே வந்திருந்தா சின்னத் தையலோட போயிருக்கும்னாரு. கூடப் பிறந்தவங்களுக்கும் வரலாம், பாக்கச் சொல்லுன்னாரு. எனக்கு இருக்கிறது இவரு ஒருத்தர்தான். பட்டறை யாருக்கு வேணா போகட்டும். காலை மட்டும் காட்டச் சொல்லுங்க."

அண்ணிக்குக் கண் நிறைந்துவிட்டது. பயப்படாதீங்க என்று அவன் தோளைத் தொட்டாள். அண்ணனுக்குப் போன வருஷமே பாதத்தில் ஒரு மச்சம் நிறம் மாறியதையும், அவள் பார்த்துவிட்டு வம்படியாக இழுத்துக்கொண்டு போனதையும் சொன்னாள். ஆரம்பம் என்பதால் சுத்தமாக எடுத்துவிட்டார்கள். இப்போது ஒன்றும் இல்லை.

தம்பி சுவரில் சாய்ந்து நீளமாக மூச்சு விட்டான். வந்ததிலிருந்து இப்போதுதான் அவன் முகம் தெளிந்தது.

"அண்ணன் தப்பிச்சாரு. அது போதும் எனக்கு."

அண்ணன் நிமிரவே இல்லை. ஒரு ஆணியை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டே இருந்தார். தம்பி இவ்வளவு சொன்ன பிறகும் இந்த மனுஷன் ஏன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார் என்று அவளுக்குக் குழப்பமாக இருந்தது. அதைவிடப் பெரிய குழப்பம் இன்னொன்று இருந்தது. அதைக் கேட்டே விட்டாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. கூடப் பிறந்தவங்க இருந்தா உடனே வரச் சொல்லுங்கன்னு எங்ககிட்டயும் டாக்டர் அன்னைக்கே சொன்னாரு. இவரும் உங்களுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேன்னாரே, நீங்க ஏன் அப்பவே போகலை?"