கிடாவின் கழுத்துப் பலகை

முதலில் எங்கோ போர் என்று சொல்லி வைக்கோலைப் பாதியாக்கினார்கள். அடுத்து மேய்ச்சலில் செல்போன் கோபுரம் நட்டு வேலி போட்டார்கள். இப்போது காதில் சிப் குத்துகிறார்கள். சிப் இல்லாத ஆட்டுக்குத் தீவனக் கதவு திறக்காது.

"இது வேதத்தில் சொன்ன, கடைசிக் கால மிருகத்தின் முத்திரை. நான் குத்திக்கொள்ள மாட்டேன்" என்றது கிழட்டுச் செம்மறிக் கிடா.

காவல் நாய் சிரித்தது. "போருக்கும் கடைசிக் காலம் என்றீர், கோபுரத்துக்கும் கடைசிக் காலம் என்றீர். உலகம் முடிந்ததா, பெரியவரே?"

"உனக்கு முடியவில்லை. எங்களுக்கு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் முடிந்தது."

"உமக்கு வந்திருக்கும் சிப் எண் அந்த மிருகத்தின் 666 இல்லையே, வெறும் 417தானே! இதற்காகப் பட்டினி கிடந்து சாவீரா?"

"பரலோகத்தில் பிழைப்பவர்களை எழுதும் ஜீவபுஸ்தகத்தில் எண் கிடையாதடா. பெயர்தான் உண்டு."

கிடா மந்தையின் பக்கம் திரும்பியது. "நீங்கள் எல்லோரும் சாட்சி" என்று சொல்லி, தன் கழுத்தில் தொங்கிய பலகையில் எழுதியிருந்த தன் பெயரை உரக்க வாசித்தது:

"செருபாபேல்."